பைபாஸ் சிஎன்ஜி பங்க்: "ஃபுல் ஏறல" பிரச்சனையும் ரெண்டு டேங்க் கணக்கும்

எங்க ஊர் பைபாஸ்ல இருக்குற சிஎன்ஜி பங்குக்கு நான் 5க்கு 4 குடுப்பேன், யோசிச்சுத் தான் குடுக்குறேன். ஆன்லைன்ல பாத்தா நெறைய பேர் ஒரே ஒரு ஸ்டார் போட்டு "ஃபுல் அடிக்க மாட்டேங்குறாங்க, 150 பார் பிரஷர்லயே நிறுத்திடுறாங்க, மீட்டர்ல ஏதோ பண்றாங்க"ன்னு எழுதி வச்சிருக்காங்க. அந்தக் கோவம் எனக்குப் புரியுது, வெயில்ல லைன்ல நின்னு குடும்பத்தையே கீழ எறக்கி விட்டு கடைசில 5 கிலோ தான் ஏறுச்சுன்னா யாருக்கும் கடுப்பாகத் தான் செய்யும். ஆனா ஏன் 150ல நிக்குதுன்னு தெரியாம பங்க் மேல பழி போடுறது நியாயமில்ல. நான் பாலிடெக்னிக்ல தெர்மல் இன்ஜினியரிங் எடுக்குறேன், செகண்ட் இயர் பசங்களுக்கு வருஷா வருஷம் போர்டுல போடுற "ரெண்டு ரிஜிட் டேங்க் (அளவு மாறாத டேங்க்), நடுவுல ஒரு வால்வு" கணக்கு தான் இந்த பங்க்ல தினமும் நடந்துட்டு இருக்கு. அதனால ரிவ்யூவ அந்தக் கணக்கோடயே எழுதுறேன், கொஞ்சம் நீளமாத் தான் இருக்கும், சிஎன்ஜி வண்டி வச்சிருக்கவங்க பொறுமையாப் படிங்க.

முதல்ல பங்க் எப்படி இருக்குன்னு சொல்லிடுறேன். இது டாட்டர் ஸ்டேஷன், அதாவது பூமிக்கடியில பைப்லைன்ல கேஸ் வர்ற பங்க் கிடையாது, பைப்லைன் இருக்குற மதர் ஸ்டேஷன்ல நிரப்பி லாரில காஸ்கேட் (ஒண்ணா இணைச்ச சிலிண்டர் கூட்டம்) ஏத்திட்டு வந்து இங்க நிறுத்துவாங்க, பூஸ்டர் கம்ப்ரஸர் அந்த லாரில இருந்து கேஸ இழுத்து பங்குக்குள்ள இருக்குற ஸ்டோரேஜ்ல 250 பார் வரைக்கும் ஏத்தும். அந்த ஸ்டோரேஜ் 40 சிலிண்டர், ஒவ்வொண்ணும் 75 லிட்டர், மொத்தம் 3000 லிட்டர். இதுல லிட்டர்னு சொல்றது சிலிண்டருக்குள்ள தண்ணி ஊத்துனா எவ்வளவு பிடிக்கும்ங்குற அளவு. இரும்பு சிலிண்டர், ஊதிப் பெருசாகாது, சுருங்காது, அந்தக் கொள்ளளவு எப்பவும் அதே தான். நம்ம கார் பின்னாடி இருக்குறதும் அதே ஜாதி, பெரும்பாலான கார்ல 60 லிட்டர். நாசில மாட்டி வால்வத் திறந்தா ரெண்டு ரிஜிட் டேங்க் இணைஞ்சிடுச்சு, அவ்வளவு தான். மாடில ரெண்டு வாட்டர் டேங்க்க அடியில பைப் போட்டு இணைச்சா தண்ணி மட்டம் சமமாகுற வரைக்கும் ஓடிட்டு நின்னுடும்ல, இங்க மட்டத்துக்குப் பதிலா பிரஷர்.

சமமாகுற பிரஷர் எவ்வளவுன்னு கண்டுபிடிக்க பெரிய படிப்பு வேணாம். பிவி ஈக்வல் டு என்ஆர்டி, அதாவது பிரஷர், கொள்ளளவு, கேஸ் அளவு, டெம்பரேச்சர் நாலையும் இணைக்குற ஐடியல் கேஸ் சூத்திரம், எல்லாரும் பிளஸ் ஒன்ல படிச்சது தான். ஸ்டோரேஜ்ல இருக்குற கேஸும் கார்ல இருக்குற கேஸும் சேந்து மொத்த கேஸ், அது எங்கயும் ஓடிப்போகல, ரெண்டு டேங்கும் சேந்த கொள்ளளவுல பரவி நிக்குது. டெம்பரேச்சர் எல்லா இடத்துலயும் ஒண்ணுன்னு வச்சுக்கிட்டா ஒவ்வொரு டேங்க்குக்கும் பிரஷர கொள்ளளவால பெருக்கி, ரெண்டையும் கூட்டி, மொத்த கொள்ளளவால வகுத்துட்டாப் போதும். பசங்க நெறைய பேர் இங்க ரெண்டு பிரஷரையும் கூட்டி ரெண்டால வகுத்து வச்சிடுவாங்க, ரெண்டு டேங்கும் ஒரே சைஸா இருந்தா மட்டும் தான் அது சரி வரும். பெரிய டேங்க் தன் பக்கம் இழுக்கும்.

இப்ப பங்க்குக்கு வாங்க. காலைல ஸ்டோரேஜ் 250 பார், 3000 லிட்டர், முழுசும் ஒரே டேங்க்னு வைங்க, பூஸ்டர் ஓடலன்னும் வைங்க. நீங்க 60 லிட்டர் சிலிண்டர்ல 20 பார் மிச்சம் வச்சுட்டு வர்றீங்க. 250 × 3000 கூட 20 × 60, வகுத்தல் 3060, வர்றது 245 பார். கார் சிலிண்டருக்கு சர்வீஸ் பிரஷர், அதாவது ஃபுல்னு வச்சிருக்குற பிரஷர், 200 தான், அதனால டிஸ்பென்சர் (கேஸ் அடிக்குற மெஷின்) 200லயே கட் பண்ணிடும். முதல் வண்டி ஃபுல், ரெண்டாவது ஃபுல், பிரச்சனையே இல்ல. ஒவ்வொரு வண்டிக்கும் 180 பார் ஏத்தணும், 180 × 60, அதாவது 10800 பார்-லிட்டர் வெளிய போகுது. 250ல இருந்து 200 வரைக்கும் ஸ்டோரேஜ் குடுக்க முடிஞ்சது 50 × 3000, அதாவது 1,50,000 பார்-லிட்டர். வகுத்துப் பாருங்க, 14 வண்டி கூட முழுசா வராது! 13 வண்டி கச்சிதமா ஃபுல், 14வது வண்டி 199.6ல நிக்கும், அது கணக்குல ஃபுல் தான், அதுக்கப்புறம் இறங்குமுகம். 20வது வண்டிக்கு 179 பார் தான் கிடைக்கும், 25வது வண்டிக்கு 164, 30வது வண்டிக்கு 151. லைன்ல 30வதா நின்னவர் தான் வீட்டுக்குப் போய் ஒரு ஸ்டார் போடுறாரு.

இதுல நெறைய பேருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. 14 வண்டி ஃபுல் ஆனப்ப ஸ்டோரேஜ் ஒண்ணும் காலியாகல. 200 பார் கேஸ் அப்படியே உள்ள நிக்குது, காலைல இருந்ததுல அஞ்சுல நாலு பங்கு. "உள்ள அவ்வளவு கேஸ் வச்சுக்கிட்டு ஏன் தர மாட்டேங்குற"ன்னு ஒருத்தர் ஆபரேட்டர் தம்பிகிட்ட சத்தம் போட்டத நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அந்தத் தம்பியால என்ன பண்ண முடியும், சமமானதுக்கு அப்புறம் கேஸ் தானா ஓடாது, பூஸ்டர் தள்ளுனா தான் உண்டு.

இதுக்குத் தான் நல்ல பங்க்ல ஸ்டோரேஜ ஒரே டேங்கா வைக்க மாட்டாங்க, லோ, மீடியம், ஹைன்னு மூணு பேங்கா பிரிச்சு வைப்பாங்க. இங்க 40 சிலிண்டர்ல 20 லோ, 12 மீடியம், 8 ஹை. அதாவது 1500 லிட்டர், 900 லிட்டர், 600 லிட்டர். வண்டி வந்ததும் முதல்ல லோ பேங்க் திறக்கும், அது சமமாகி ஓட்டம் குறைஞ்சதும் மீடியம், கடைசில ஹை. டிஸ்பென்சர் பக்கத்துல நின்னு காது குடுத்தீங்கன்னா அந்த மாத்தம் தெளிவாக் கேக்கும், சர்ர்ருன்னு ஓடிட்டு இருக்கும் சத்தம் மெலிஞ்சுகிட்டே போய் ஒரு டக், உடனே திரும்ப சத்தம் எகிறும், கிலோ ஓடுற வேகமும் கூடும், கொஞ்ச நேரத்துல இன்னொரு டக். அந்த ரெண்டு டக்குக்குத் தான் நான் இந்த பங்குக்கு நாலு ஸ்டார் குடுக்குறேன்.

ஏன்னு கணக்காவே காட்டுறேன். மதியம் மூணு மணிக்கு கூட்டமெல்லாம் வந்து போனதுக்கப்புறம் லோ பேங்க் 110 பார், மீடியம் 170, ஹை 235னு நிக்குதுன்னு வைங்க. நம்ம வண்டி அதே 20 பாரோட வருது. லோ பேங்கோட சமமானா 110 × 1500 கூட 20 × 60, வகுத்தல் 1560, 106.5 பார் வந்துடுச்சு. அடுத்து மீடியம், 170 × 900 கூட 106.5 × 60, வகுத்தல் 960, 166 பார். அடுத்து ஹை பேங்க திறந்தா கணக்குப்படி 228 வரைக்கும் போகும், 200ல டிஸ்பென்சர் கட் பண்ணிடுது. வண்டி ஃபுல். ஹை பேங்க் இறங்குனது எவ்வளவு தெரியுமா, 235ல இருந்து 231.6 தான். ஏறுன மொத்த கேஸ்ல பாதி கிட்ட லோ பேங்கே குடுத்துடுச்சு, ஹை பேங்க் குடுத்தது அஞ்சுல ஒரு பங்கு கூட இல்ல. அதனால அடுத்து வர்ற வண்டிக்கும் ஹை பேங்க்ல தெம்பு இருக்கு.

இப்ப அதே நேரத்துல, அதே கேஸ், ஒரு கிராம் கூடக் குறையாம, மூணு பேங்கையும் திறந்து விட்டு ஒண்ணா கலந்துட்டாங்கன்னு வைங்க. 110 × 1500, 170 × 900, 235 × 600, மூணையும் கூட்டி 3000ஆல வகுத்தா 153 பார். அதுல நம்ம வண்டிய மாட்டுனா 150 பார்ல நின்னுடும். ஒரு பக்கம் 200, இன்னொரு பக்கம் 150! கேஸ் அதே தான், லாரி அதே தான், வித்தியாசம் முழுக்க எந்த வால்வ எப்பத் திறக்குறாங்கங்குறதுல தான் இருக்கு. பிரஷர் வித்தியாசம்ங்குறது தான் சொத்து, அத வேலை வாங்காமக் கலந்து விட்டா போனது போனது தான், திரும்ப உண்டாக்கணும்னா கம்ப்ரஸர் ஓட்டி கரண்ட் செலவு பண்ணணும். தெர்மோல செகண்ட் லான்னு சொன்னா பசங்க முகத்தத் திருப்பிக்குவாங்க, இத விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

பேர் சொல்ல விரும்பாத இன்னொரு பங்க் இருக்கு, நான் முன்னாடி அங்க தான் போவேன். அங்க ஸ்டோரேஜ் பேனல்ல பேங்குக்கு ஒண்ணா மூணு பிரஷர் கேஜ் வெளியில இருந்தே தெரியும், மூணும் எப்பப் பாத்தாலும் ஒரே நம்பர்ல நிக்கும். மூணு பேங்கையும் இணைக்குற பைபாஸ் வால்வ யாரோ திறந்து விட்டு அப்படியே விட்டுட்டாங்க போல, கேட்டா "அது அப்படித் தான் சார் இருக்கும்"னு பதில். அங்க சாயங்காலம் போனா 150 தாண்டாது. நீங்க எந்த பங்குக்குப் போனாலும் கூட்டம் வந்து போனப்புறம் தூரத்துல நின்னே அந்தக் கேஜ்கள ஒரு பார்வை பாருங்க, மூணும் வேற வேற நம்பர் காட்டுனா அந்த பங்க்ல ஆளுங்க வேலைய ஒழுங்காப் பாக்குறாங்கன்னு அர்த்தம்.

சரி, 50 பார் கம்மின்னா எவ்வளவு கிலோ? சிஎன்ஜில பெரும்பங்கு மீத்தேன் தான், அதுக்கு கேஸ் கான்ஸ்டன்ட் கிலோவுக்கு, கெல்வினுக்கு 518 ஜூல், டெம்பரேச்சர் 300 கெல்வின் (27 டிகிரி), 60 லிட்டர், போட்டுப் பாத்தா ஒரு பாருக்கு 38.6 கிராம் வருது. 20ல இருந்து 200க்கு ஏத்துனா ஐடியல் கேஸ் கணக்குல 6.95 கிலோ, 150ல நின்னா 5 கிலோ. கிட்டத்தட்ட 2 கிலோ போச்சு, கிலோவுக்கு 25 கிலோமீட்டர்னு கம்மியா வச்சாலும் 50 கிலோமீட்டர் ஓட்டம் போச்சு. ஒண்ணு தெளிவாச் சொல்லிடுறேன், காசு போகல. டிஸ்பென்சர்ல இருக்குறது மாஸ் ஃப்ளோ மீட்டர், ஓடுற கேஸோட எடையத் தான் அளக்குது, 5 கிலோ ஏறுனா 5 கிலோவுக்குத் தான் பில். "150 தான் ஏறுச்சு, ஆனா ஃபுல் டேங்க் காசு வாங்கிட்டான்"ங்குறது நடக்குற விஷயமில்ல. போறது உங்க நேரமும் அடுத்த தடவ சீக்கிரமே வந்து லைன்ல நிக்குற அலைச்சலும்.

சில பேர் கேப்பாங்க, எங்க வண்டில 9 கிலோ வரைக்கும் ஏறியிருக்கே, நீங்க 7 கிலோன்னு சொல்றீங்களேன்னு. சரியான கேள்வி. 200 பார்ல மீத்தேன் ஐடியல் கேஸா நடந்துக்காது, மூலக்கூறுகள் ஒண்ணையொண்ணு இழுத்துக்கும், அதனால அதே பிரஷர்ல இன்னும் கொஞ்சம் கூடுதலா அடங்கும். கம்ப்ரஸிபிலிட்டி ஃபேக்டர்னு ஒண்ணு இருக்கு, ஐடியல் கேஸுக்கு அது 1, சாதாரண டெம்பரேச்சர்ல 200 பார் மீத்தேனுக்கு 0.8 சொச்சம். ஐடியல் கணக்குல 60 லிட்டர் முழு சிலிண்டர்ல 7.7 கிலோ வருதுல, அத 0.82ஆல வகுத்தா 9.4 கிலோ. ஆக, ஐடியல் கேஸ் கணக்க வச்சு எந்தப் பக்கம் ஓடும், எந்த பேங்க் முதல்ல, தோராயமா எத்தனையாவது வண்டிக்குக் குறையும்ங்குறதெல்லாம் தாராளமா பாக்கலாம், கிலோவ மட்டும் அப்படியே நம்பக் கூடாது. எக்ஸாம்ல வர்ற கணக்கு பெரும்பாலும் காத்து, 5 பார் 10 பார்ங்குற அளவுல தான் இருக்கும், அங்க ஐடியல் கேஸ் தாராளமாப் போதும்.

அடுத்து டெம்பரேச்சர். இது தான் ரொம்பப் பேர ஏமாத்துற இடம். "நேத்து ராத்திரி 200 போட்டேன், காலைல பாத்தா கேஜ் 180, சிலிண்டர் லீக்"னு மெக்கானிக்கிட்ட ஓடுறவங்க இருக்காங்க. லீக் செக் பண்றது எப்பவும் நல்லது தான், அதுல மாத்துக் கருத்தே இல்ல, கேஸ் வாசனை வந்தா ஒரு நிமிஷம் கூட யோசிக்கக் கூடாது. ஆனா வாசனையும் இல்ல, ஒரு தடவ இறங்குனது அதுக்கப்புறம் அங்கயே நிக்குதுன்னா பெரும்பாலும் சூடு ஆறுனது தான். வேகமா கேஸ் ஏத்தும்போது கார் சிலிண்டருக்குள்ள சூடாகும். உள்ள 60 டிகிரில 200 பார்னு வைங்க, அதாவது 333 கெல்வின், ராத்திரி ஆறி 27 டிகிரிக்கு வந்தா 300 கெல்வின், 200 × 300 ÷ 333, கரெக்டா 180 பார். சிலிண்டர் கொள்ளளவு மாறல, கேஸ் ஒரு கிராம் கூட வெளிய போகல.

ஏன் சூடாகுதுங்குறதுக்கு 1845ல ஜேம்ஸ் ஜூல்ங்குற விஞ்ஞானி பண்ணுன பரிசோதனை ஒண்ணு இருக்கு, இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கம். ரெண்டு செம்புப் பாத்திரம், நடுவுல வால்வு, ஒண்ணுல 22 அட்மாஸ்ஃபியர் காத்து, இன்னொண்ணுல ஒண்ணுமே இல்ல, வேக்குவம். ரெண்டையும் ஒரே தண்ணித் தொட்டில வச்சு வால்வத் திறந்தாரு. காத்து பாய்ஞ்சு ரெண்டு பக்கமும் சமமாச்சு, தண்ணியோட டெம்பரேச்சர் மாறவே இல்ல. இத மட்டும் தான் நெறைய பேர் படிக்குறோம், அவர் அடுத்துப் பண்ணுனத கவனிக்கிறதில்ல. ரெண்டு பாத்திரத்தையும் தனித்தனித் தண்ணில வச்சுத் திறந்து பாத்தாரு, குடுத்த பக்கம் தண்ணி குளிர்ந்துச்சு, வாங்குன பக்கம் தண்ணி ஏறக்குறைய அதே அளவு சூடாச்சு. மொத்தத்துல ஒண்ணும் மாறல, பங்கு மட்டும் பிரிஞ்சிடுச்சு. பங்க்ல நடக்குறதும் அதே ரெண்டாவது பரிசோதனை தான், ஸ்டோரேஜ் குளிருது, நம்ம டிக்கில இருக்குற சிலிண்டர் சூடாகுது.

எவ்வளவு சூடாகலாம்னு உச்சகட்டமாப் பாத்தா, வெப்பம் துளிகூட வெளிய போகாம, பேங்க் பிரஷர் மாறாம ஏத்துனா ஒரு அழகான விடை வருது: ஏறுற கிலோ, நிதானமா ஆற விட்டு ஏத்துனா வர்ற கிலோவ காமாவால வகுத்தது. காமாங்குறது நிலையான பிரஷர்ல இருக்குற வெப்பக் கொள்ளளவுக்கும் நிலையான கொள்ளளவுல இருக்குற வெப்பக் கொள்ளளவுக்கும் உள்ள விகிதம், மீத்தேனுக்கு 1.3 கிட்ட. 6.95 கிலோவ 1.3ஆல வகுத்தா 5.35 கிலோ. கேஜ் ரெண்டு தடவையும் 200 தான் காட்டும், ஆனா ஒண்ணரை கிலோ கம்மி, ஆறுனதும் கேஜ் 158க்கு வந்துடும். நிஜத்துல இரும்புச் சுவர் நெறைய சூட்ட உறிஞ்சிக்கும், அதனால விடை இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கும். இதனால தான் இந்த பங்க்ல கடைசி கட்டத்துல ஓட்டம் மெதுவானா நான் அவசரப்படுத்துறதில்ல. ஒரு தடவ ஆபரேட்டர் தம்பியே "சார், ஹை பேங்க்ல பூஸ்டர் ஏத்திட்டு இருக்கு, ரெண்டு நிமிஷம் பொறுங்க, உங்களுக்குத் தான் நல்லது"ன்னு சொன்னாரு, பின்னாடி நிக்குற வண்டிக்காரர் ஹாரன் அடிச்சும் நாசிலக் கழட்டல. அந்த ரெண்டு நிமிஷத்துல இன்னும் அரை கிலோ ஏறுச்சு. கணக்கு போட்டுப் பாத்து செய்யல அவரு, வேலைல இருந்து கத்துக்கிட்டது, ஆனா செஞ்சது நூத்துக்கு நூறு சரி.

நாசில் பக்கத்துல இருக்குற பைப்ப கவனிச்சிருக்கீங்களா, கேஸ் ஓடும்போது வேர்த்து வழியும், வேகமா ஓடுனா வெள்ளையா பனி படியும். மே மாசத்து வெயில்ல பனி படியறதப் பாத்து பசங்க ஆச்சரியப்படுவாங்க. ஐடியல் கேஸா இருந்தா குறுகலான வால்வத் தாண்டும்போது டெம்பரேச்சர் மாறவே கூடாது, இங்க குளிருதுன்னா அந்த கேஸ் ஐடியல் இல்லங்குறதுக்கு அதுவே கண்ணுக்கு முன்னாடி சாட்சி. ஜூலும் வில்லியம் தாம்சனும் 1852ல சேந்து கண்டுபிடிச்ச விளைவு, நம்ம ஊர் பைபாஸ்ல எந்த லேபும் இல்லாம ஃப்ரீயாப் பாக்கலாம். எங்க காலேஜ்ல இருந்து பசங்களக் கூட்டிட்டு வரணும்னு மேனேஜர்கிட்ட கேட்டிருக்கேன், வேலி தாண்டாம வெளிய நின்னு பாக்க சம்மதிச்சிருக்காரு, அதுக்கே தனியா நன்றி சொல்லணும்.

எப்பப் போகலாம்? என் அனுபவத்துல காலைல சீக்கிரம். ஒண்ணு, ராத்திரி முழுக்க பூஸ்டர் ஓடி மூணு பேங்கும் நெறஞ்சிருக்கும். ரெண்டு, சிலிண்டர் குளுமையா இருக்கும், 25 டிகிரில 200 பார் போடுறதுக்கும் 40 டிகிரில 200 பார் போடுறதுக்கும் கேஸ் அளவுல 5 சதவீதம் வித்தியாசம் வந்துடும், 313ஐ 298ஆல வகுத்துப் பாருங்க. அப்புறம் லாரி மாத்துற நேரம், அதக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு அது முடிஞ்சதும் போனாலும் நல்லா ஏறும். "டேங்க் நல்லாக் காலியானப்புறம் போனாத் தான் ஃபுல் ஏறும்"னு ஒரு பேச்சு இருக்கு, அது கணக்குக்கு நிக்கல. ஸ்டோரேஜ் 150 பார்ல நிக்குறப்ப 20 பாரோட போனாலும் 147.5, 80 பாரோட போனாலும் 148.6, எங்க நிக்குதுங்குறது ஸ்டோரேஜ் கையில தான் இருக்கு, நம்ம மிச்சம் வச்சிருக்கறதுல பெருசா ஒண்ணும் மாறாது. ட்வின் சிலிண்டர் வண்டி வச்சிருக்கவங்களும் இதயே கேக்குறாங்க, டாடா 2023ல கொண்டு வந்த மாதிரி 30 லிட்டர் ரெண்டு. ரெண்டும் ஒரே லைன்ல இணைஞ்சிருக்கு, கேஸுக்கு அது ஒரே 60 லிட்டர் தான், டிக்கில இடம் மிச்சமாகுறது மட்டும் தான் லாபம்.

கணக்கு போட்டுப் பாக்க நினைக்குற பசங்களுக்கு ரெண்டே விஷயம், நான் பேப்பர் திருத்துறப்ப அதிகமா மார்க் போற இடம் இது. செல்சியஸ்ல போடாதீங்க, கெல்வின் தான். டெம்பரேச்சர் வேற வேறயா இருந்தா பிரஷர் சராசரி எடுக்குற குறுக்கு வழி செல்லாது, ஒவ்வொரு டேங்க்குக்கும் பிவி பை டி தனியாப் போட்டுக் கூட்டி, கடைசி டெம்பரேச்சரால பெருக்கி, மொத்த கொள்ளளவால வகுக்கணும். அடுத்தது கேஜ் பிரஷர். பங்க்ல கேஜ் காட்டுறது வெளிக்காத்துக்கு மேல எவ்வளவுங்குறது, உண்மையான பிரஷர் அதுக்கு மேல 1 பார். 200 பார் கிட்ட இந்த 1 பார் கண்ணுக்கே தெரியாது, நான் கூட மேல சேக்கல. ஆனா கொஸ்டின் பேப்பர்ல 1.5 பார் கேஜ்னு குடுத்திருந்தா நிஜம் 2.5, அத விட்டா விடை எங்கயோ போயிடும்.

மத்த விஷயங்கள். சிலிண்டர் பிளேட்ல ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி பிரஷர் ஏத்தி சிலிண்டரோட பலத்தப் பாக்குற டெஸ்ட்) தேதி பாக்காம இங்க கேஸ் போட மாட்டாங்க, மூணு வருஷத்துக்கு ஒரு தடவ டெஸ்ட் கட்டாயம், தேதி போயிருந்தா தயவு தாட்சண்யம் இல்லாம திருப்பி அனுப்பிடுவாங்க, என் முன்னாடியே ஒரு ஆட்டோ அண்ணன திருப்பி அனுப்புனாங்க. அவர் கெஞ்சுனாரு, பாவமா இருந்துச்சு, ஆனா 200 பார் விளையாட்டு இல்ல, அவங்க செஞ்சது சரி. கேஸ் போடும்போது வண்டில யாரும் உக்காரக் கூடாது, எல்லாரும் இறங்கியே ஆகணும், அதுலயும் கறாரா இருக்காங்க.

அப்ப ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்? இறங்கி நிக்குறவங்களுக்கு நிழல் இல்ல, வயசான அம்மாவக் கூட்டிட்டுப் போனா அவங்க வெயில்ல நிக்கணும், ஒரு ஷெட்டும் நாலு பிளாஸ்டிக் சேரும் போட பெரிய செலவு ஆகாது. பூஸ்டர் நின்னா முன்னாடியே போர்டு வைக்க மாட்டேங்குறாங்க, லைன்ல நின்னு நாசில மாட்டுனப்புறம் தான் "இன்னைக்கு 160 தான் வரும்"னு சொல்றாங்க. வாசல்ல ஒரு சிலேட்டுல அப்பப்ப ஹை பேங்க் எவ்வளவுன்னு எழுதி வச்சாப் போதும், வேணுங்குறவன் நிப்பான், அவசரமில்லாதவன் நாளைக்கு வருவான், சண்டையும் பாதி குறையும். யுபிஐ ஸ்கேனர் ஒண்ணே ஒண்ணு தான், அதுவும் ஆபீஸ் ரூமுக்குள்ள. டாய்லெட் சுத்தமா இருக்கு, குடிதண்ணி இருக்கு, டயருக்கு ஃப்ரீயா காத்து பிடிக்கலாம்.

காலைல ஏழு மணிக்குள்ள போங்க, லைன் சின்னதா இருக்கும், மூணு கேஜும் 240 தாண்டி நிக்கும்.